என் மனைவி ஏறாத ஜீப்

எனக்கும் என் மனைவிக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று சொந்தக்காரர்கள் முடிவு செய்தது ஆய்க்குடியில் நடந்த ஒரு வளைகாப்பில். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் ஜீப்பில் வந்து இறங்கினேன். எனக்குப் பின்னாலேயே அவள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போதும் அதே மாதிரி ஆளுக்கொரு வண்டி. அதற்கு முந்தைய கல்யாண வீட்டுக்கும் அப்படித்தான் போயிருந்தோம். ஒரே வீட்டிலிருந்து ஒரே விசேஷத்துக்கு இரண்டு வண்டியில் வருகிற புருஷன் பெண்சாதியைப் பற்றி வேறு என்னதான் நினைப்பார்கள்?

நான் தென்காசியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அவள் இலஞ்சியில் பள்ளி ஆசிரியை. வடகரைக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பு உண்டு. சாரல் தொடங்கிவிட்டால் தோப்புக்குப் போகிற மண்பாதை உளைச்சேறாகிவிடும். ஸ்கூட்டரை நட்டுவைத்தால் முளைத்துவிடும் போலிருக்கும். அந்த நேரத்தில்தான் ஓர் எஸ்டேட்டில் மிளகு மூட்டை ஏற்றி ஓடிக்கொண்டிருந்த பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் விலைக்கு வந்தது. வாங்கிவிட்டேன். சேற்றில் அது யானை மாதிரி போனது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது எனக்கே கொஞ்சம் மிதப்பு வரும்.

தார் ரோட்டில் ஏறினால்தான் அதன் குணம் மாறும். நல்ல ரோட்டில் கூட கட்டைவண்டி மாதிரி தடதடக்கும். வேகத்தடை வந்தால் நம்மை ஒருமுறை சீட்டிலிருந்து தூக்கி, எடை பார்த்துவிட்டு, திரும்பப் போடும். முதன்முதலாக அவளை அதில் ஏற்றிக்கொண்டு குற்றாலத்துக்குக் கிளம்பினேன். இலஞ்சி வருவதற்குள் அவள் தலையில் இருந்த பூ மடிக்கு வந்துவிட்டது.

“நிறுத்துங்க,” என்றாள். நிறுத்தினேன்.

“நீங்க முன்னால போங்க. நான் பஸ்ல வாரேன்.”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இறங்கிப் போய் நிறுத்தத்தில் நின்றாள். நான் கொஞ்ச தூரம் போவதற்குள் அவள் ஏறிய பஸ் என்னை முந்தியது. ஜன்னலோரம் உட்கார்ந்து பூவைத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அவள் அந்த ஜீப்பில் ஏறவே இல்லை.

வளைகாப்பு முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் பெரியப்பாவும் அவளுடைய அண்ணனும் ஒன்றாக வீட்டுக்கு வந்தார்கள். பெரியப்பா வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த விஷயத்தையும் விசாரணை என்றே நடத்துவார். அத்தானுக்கு, அதாவது அவள் அண்ணனுக்கு, செங்கோட்டையில் அரிசிக்கடை. இருவரும் துக்கவீட்டுக்கு வந்தவர்களைப் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள்.

“ஏலே, வீட்டுல எல்லாம் சமாதானமாத்தான இருக்கிய?” என்றார் பெரியப்பா.

“நல்லா இருக்கோம் பெரியப்பா.”

“மறைக்காத. ஊரே பேசுது.”

அடுக்களையில் காபி போட்டுக்கொண்டிருந்த என் மனைவிக்கு இது கேட்டுவிட்டது. சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. வெளியே கேட்டது விம்மல் மாதிரி இருந்தது. அத்தான் முகம் சிவந்தது.

“மாப்ளே, அவ அழுதா,” என்றார். “எங்க வீட்டுப் பிள்ள சத்தமா பேசிக்கூட நாங்க பாத்ததில்ல.”

இது எனக்குப் புதிய தகவல்.

அவள் காபித் தட்டோடு வெளியே வந்தாள். கண்ணில் உண்மையிலேயே தண்ணீர். “சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல மாமா,” என்றாள் பெரியப்பாவிடம். “இவுகளோட இருந்துருவேன். அந்த வண்டியோடதான் இருக்க முடியாது.”

அவர்கள் நம்பவில்லை. குடும்ப மானத்துக்காக ஜீப்பின் மேல் பழியைப் போடுகிறாள் என்றே எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “ரெண்டு பேரும் ஏறுங்க. குத்தாலம் போயி குளிச்சிட்டு வருவோம். அப்புறம் பேசுவோம்,” என்றேன்.

பெரியப்பா முன்சீட்டில், அத்தான் பின்னால் நீளவாக்கில் கிடக்கிற பெஞ்சில். முதல் வேகத்தடையில் அத்தானின் தலை கூரைக் கம்பியில் இடித்தது. இரண்டாவதில் பெரியப்பா, “கொஞ்சம் மெல்லமா போலே,” என்று பல்செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் அவர் சொன்னது எதுவும் எனக்குப் புரியவில்லை. வசவு என்று மட்டும் தெரிந்தது.

அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. பெரியப்பா வெகுநேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வெளியே வந்து, துவட்டி, பல்லை மாட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். “தப்பு உம்மேலதாம்லே. வண்டியச் சரி பண்ணு, இல்ல வித்துரு. அந்தப் பிள்ளயச் சொல்லிக் குத்தமில்ல.”

திரும்பும்போது இருவரும் ஆட்டோ பிடித்துக்கொண்டார்கள்.

செங்கோட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். பாதி மலையாளம் பேசுவார். வண்டியின் மூலையைப் பிடித்து அமுக்கிப் பார்த்துவிட்டு, “சாரே, ஷாக் அப்சார்பர் போயி,” என்றார். எண்ணெய் கசிந்து உண்மையிலேயே செத்துத்தான் கிடந்தது. இருப்பதிலேயே கெட்டியானதாகப் பார்த்து நான்கும் புதிதாக மாட்டினார். முன்பு தூக்கித் தூக்கிப் போட்ட வண்டி இப்போது கீழிருந்து குத்த ஆரம்பித்தது.

“கொறச்சு நாள் ஓடட்டும் சாரே, செட்டாகும்,” என்றார். ஒரு மாதம் ஓட்டினேன். செட்டானது என் இடுப்புதான். கடையில் வலிக்களிம்பு கேட்டு வருகிறவர்களுக்கு என் சொந்த அனுபவத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தேன். பிறகு சீட்டுக்கு மேலே மெத்தென்று ஒரு ஃபோம் போட்டுப் பார்த்தேன். உட்கார மெத்தை மாதிரிதான் இருந்தது. ஆனால் தலை கூரையை முட்டியது. குனிந்துகொண்டே ஓட்டினேன். எதிரே வந்தவர்கள் நான் வணக்கம் சொல்வதாக நினைத்துத் திரும்ப வணக்கம் சொன்னார்கள்.

ஒருநாள் காலையில் பள்ளிக்குக் கிளம்பிய என் மனைவி, ஜீப்புக்கு அடியில் புகுந்துவிட்ட பூனைக்குட்டியை விரட்டக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

“ஏங்க, இந்த டயர் நடுவுல மட்டும் வழுக்கையா இருக்கே. ஓரமெல்லாம் புதுசு மாதிரி இருக்கு.”

போய்ப் பார்த்தேன். நான்கும் அப்படித்தான்.

“காத்து எவ்வளவு வைக்கிய?”

“நல்லா டைட்டா வைக்கச் சொல்லுவேன். வித்தவன் அப்படித்தான் சொன்னான்.”

“அவன் மூட்ட ஏத்துனான். நீங்க என்னத்த ஏத்துதிய? என்னையவா?”

அன்றே காற்றை நன்றாகக் குறைத்தேன். கடைக்குப் போகிற வழியிலேயே வித்தியாசம் தெரிந்தது. மூளை வேலை செய்யத் தொடங்கியது. எஸ்டேட்காரன் மிளகு மூட்டைக்காகக் காற்றை ஏற்றியிருந்தால், அதே மூட்டைக்காக வேறு என்னென்ன செய்து வைத்திருப்பான்?

மறுபடியும் செங்கோட்டை. மெக்கானிக் வண்டிக்கடியில் படுத்தார். நானும் பக்கத்தில் படுத்தேன். பின்சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. அவற்றில் இரண்டு, பாரம் தாங்க யாரோ பிற்பாடு சேர்த்தவை. நிறமே வேறு. மீதிப் பட்டைகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. வில் வளைந்து கொடுக்கவே வழியில்லை.

“இதக் கழட்டிரலாமா?” என்றேன்.

“கழட்டினா ஓவர்லோடு ஏத்தக்கூடாது சாரே. அப்புறம் என்னைய சொல்லக்கூடாது.”

கழற்றினார். மற்றவற்றைத் துருப்போகத் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டினார். பட்டை நுனிகளில் நைந்துபோயிருந்த ரப்பர் புஷ் வளையங்களை மாற்றினார். தான் மாட்டிய கெட்டி ஷாக் அப்சார்பர்களை மென்மையான ஜோடிகளாக மாற்றிக் கொடுத்தார். எல்லாம் முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, “நான் ஆதியிலேயே பறஞ்சேன்லா,” என்றார். ஆதியில் அவர் சொன்னது ஷாக் அப்சார்பரை. பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

அவளை ஏற்றுவதுதான் பெரிய பாடாக இருந்தது. இலஞ்சி வரைக்கும் என்று பேரம் பேசி ஏறினாள். கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வேகத்தடை தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பற்றினாள். ஜீப் மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. கார் மாதிரி என்று சொல்லமாட்டேன். இருந்தாலும் அவள் கண்ணைத் திறந்து, “தாண்டிட்டோமா?” என்று கேட்டாள்.

இலஞ்சியில் நிறுத்தப் பார்த்தேன். “போங்க, போங்க,” என்றாள்.

அடுத்த கல்யாணத்துக்கு ஒன்றாகவே போய் இறங்கினோம். மண்டபத்து வாசலில் பெரியப்பா நாலு பேரோடு நின்றிருந்தார். எங்களைக் கைகாட்டி, “பாத்தியளா, ஒரு தடவதான் உக்காந்து பேசினேன்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டில் மனத்தாங்கல் என்றாலும் அவரைக் கூப்பிட்டுப் போகிறார்கள்.

தோப்பில் முன்பு ஒரே நடையாக ஏற்றிய தேங்காயை இப்போது இரண்டு நடையாக ஏற்ற வேண்டியிருக்கிறது. நிறைய ஏற்றினால் வண்டி பின்பக்கம் உட்கார்ந்துவிடும். அது பரவாயில்லை. முன்பு அந்தத் தடதடப்பில் யாரும் எதுவும் பேச முடியாது. இப்போது பேச்சு தெளிவாகக் கேட்கிறது. தென்காசியில் ஏறினால் குற்றாலம் வரைக்கும், நான் எங்கே கியர் மாற்றியிருக்க வேண்டும், எந்த வளைவில் ஹாரன் அடித்திருக்க வேண்டும் என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லிக்கொண்டே வருகிறாள்.