நாலாம் மாடி, ஒரே கட்டில்

நூலின் ஒரு முனையைப் பாரிஸ் ரயில் நிலையத்தின் மேல் பெருவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையைத் தெருத்தெருவாக வளைத்து இழுத்துக்கொண்டு போகிறார் விஸ்வலிங்கம். வரைபடத்தில் தெரு திரும்பும் இடத்தில் நூலும் திரும்புகிறது. ஹோட்டல் வாசலை எட்டியதும் நகத்தால் கிள்ளி அடையாளம் வைக்கிறார். பிறகு நூலை எடுத்து, வரைபடத்தின் அடியில் அச்சிட்டிருக்கும் அளவுக்கோட்டின் மேல் நீட்டிப் பார்க்கிறார்.

"அறுநூத்தம்பது மீட்டர். புரோஷர்ல அஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கான். கைய வீசிக்கிட்டு நடந்தா அஞ்சு நிமிஷம்லா. ரெண்டு பெட்டியோட?"

எதிர் நாற்காலியில் இருக்கும் மாப்பிள்ளை சிரிக்கிறார். விஸ்வலிங்கம் சிரிப்பதில்லை. "கல்யாணமாகி பத்து நாள்ல பொண்டாட்டிய பெட்டி தூக்க வச்சீங்கன்னா, தம்பி, ஹனிமூன் அந்த ரோட்டிலயே முடிஞ்சிரும்."

பினாங்கின் பீச் ஸ்ட்ரீட்டில், ஒரு வங்கிக்குப் பக்கத்துக் கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கிறது அந்தப் பயண நிறுவனம். மேசைகள் மூன்று. ஓரத்து மேசை விஸ்வலிங்கத்தினுடையது. ஐம்பத்தொரு வயது. அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் ஒரு பேனா, ஒரு பென்சில், நெற்றியில் மதியத்துக்குள் வியர்வையில் பாதி கரைந்துவிடும் திருநீறு. வெள்ளிக்கிழமைகளில் தண்ணீர்மலை முருகன் கோயில் ஏறி இறங்கிவிட்டு வருவதால் பத்து நிமிஷம் தாமதம். அதை முதலாளி கணக்கில் எடுப்பதில்லை. பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகள் பெருகி, சம்பளம் பெருகி, கேமரன் மலைக்குப் போய் ஸ்வெட்டரோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிய தம்பதிகள் ஐரோப்பா என்று கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து தேனிலவுக்காரர்கள் எல்லாரும் அவர் மேசைக்குத்தான் அனுப்பப்படுகிறார்கள்.

ஹோட்டல் படங்களை அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். படத்தில் திரைச்சீலை மூடியிருந்தால் சன்னலுக்கு வெளியே சுவர்தான் என்பது அவர் கண்டுபிடிப்பு. பூச்சாடி பெரிதாக இருந்தால் அறை சின்னது. லிப்ட் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் லிப்ட் இல்லை. எழுபத்தொன்பதில் ஒரு விமான நிறுவனம் இலவச டிக்கெட் கொடுத்து அவரை லண்டனுக்கு அனுப்பியது. தந்த அறை நிலத்தடியில். "நாலு நாள் லண்டன்ல நான் பார்த்தது செருப்புதான்," என்பார். "விதவிதமான செருப்பு. மூஞ்சி ஒண்ணுகூட இல்ல." அதிலிருந்து எந்த ஹோட்டலுக்கு எழுதினாலும் முதல் கேள்வி மாடி பற்றியது. நாலாம் மாடி அவர் கணக்கில் உத்தமம்: தெருச் சத்தம் ஏறாது, லிப்ட் கெட்டுப்போனாலும் இறங்கிவிடலாம்.

இரண்டாவது கேள்வி கட்டில். ஐரோப்பாவில் இரண்டு ஒற்றைக் கட்டில்களை ஒட்டிப் போட்டு இரட்டைக் கட்டில் என்று சொல்லிவிடுவார்கள். நடுவில் பிளவு இருக்கும். இதை ஒரு தம்பதி திரும்பி வந்து புகார் சொன்னபோது அவர் காது சிவந்துபோனது. ஆனால் கட்டில் என்ற சொல்லை ஒரு மணப்பெண்ணின் முன்னால் அவரால் சொல்ல முடியாது. ஒரு துண்டுத் தாளில் செவ்வகம் ஒன்று வரைந்து மாப்பிள்ளை பக்கம் திருப்பி வைப்பார். மாப்பிள்ளை தலையாட்டினால் செவ்வகத்தை ஒரு முறை சுற்றி வளைத்துவிட்டு, வேறு எங்கோ பார்த்தபடி, "சரி, அடுத்தது பிரேக்ஃபாஸ்ட்," என்பார். பக்கத்து மேசை நோர்மா அந்த நேரம் பார்த்து இருமத் தவறுவதில்லை.

தொண்ணூற்றொன்றில் தவமணி என்ற அம்மாள் தன் மகள் அருந்ததியை அழைத்துக்கொண்டு படியேறி வந்தார். மே மாதம் கல்யாணம். ஜூன் பள்ளி விடுமுறையில் பதினாறு நாள். லண்டன், பாரிஸ், சூரிச், வெனிஸ், ரோம். மாப்பிள்ளைக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் என்பதால் ஆசிரியையான அருந்ததியே எல்லாவற்றையும் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தாள்.

"தம்பி விஸ்வலிங்கம், லண்டன்ல ஹோட்டல், பாரிஸ்ல ஹோட்டல், எல்லாம் இவள் இஷ்டம்," என்றார் தவமணி. "லண்டன்ல எங்கட ஆக்கள் மூணு வீடு இருக்கு. ஒருத்தர் வீட்டிலயும் தங்க மாட்டாளாம். நான் வாயைத் திறந்தேனா?"

"திறந்துகிட்டே இருக்கீங்க," என்றாள் அருந்ததி. "அங்கிள், நாங்க ஹனிமூன் போறோமா, வீடு வீடா பலகாரம் குடுக்கப் போறோமா?"

"ரெண்டு கிலோ கறித்தூள்தானே குடுத்து விடுறேன், பெரிய பாரமா? சரி, அத விடு. சூரிச்ல மட்டும் நான் சொல்றதுதான். குகனோட ஹோட்டல்."

அவர் கைப்பையைத் திறந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். தவமணியின் தகப்பனார் மலாயா ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து, பென்ஷனோடு இளைய மகனைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் திரும்பிவிட்டவர். தவமணி கல்யாணமாகிப் பினாங்கிலேயே தங்கிவிட்டார். அந்தத் தம்பியின் மகன்தான் குகதாசன். எண்பத்தைந்தில் சண்டைக்குத் தப்பி சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தவன். படத்தில் கறுப்புக் கோட்டுடன், கண்ணாடிக் கதவுள்ள ஒரு பெரிய கட்டடத்தின் முன் நின்றான்.

"மேனேஜரா இருக்கான்," என்றார் தவமணி. "போன ஆறு வருஷத்தில வீட்டாள் ஒருத்தர் முகம் பாக்கல அந்தப் பிள்ளை. இவங்க போய் அவன்ட ஹோட்டல்ல தங்கினா அவனுக்கு எவ்வளவு பெருமை? அவன்ட தங்கச்சிக்கு இங்க ஈப்போவில ஒரு இடம் பேசிக்கிட்டிருக்கோம். மேனேஜர்ட தங்கச்சின்னுதான் பேச்சே நடக்குது."

அருந்ததி பயிற்சிப் புத்தகத்தை மூடினாள். "ஒரு ஊர்தானே அங்கிள். போட்டுருங்க."

விஸ்வலிங்கம் அன்றே நூலை எடுத்தார். சூரிச் நிலையத்திலிருந்து அந்த ஹோட்டல் இருநூற்று அறுபது மீட்டர். திரும்ப வேண்டிய தெரு ஒன்றே ஒன்று. படத்தில் திரைச்சீலை திறந்திருந்தது, வெளியே தூரத்தில் ஏரி. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஓர் இடம் நூலில் சிக்கியதில்லை. தட்டச்சு செய்து அனுப்பினார்: நாலாம் மாடி, ஒரே கட்டில், ஏரி தெரியும் சன்னல். கடைசியில் ஒரு வரி: இந்தத் தம்பதியினர் தங்கள் மேலாளர் திரு. குகதாசனின் உறவினர்.

மறுநாள் காலையில் நோர்மா ஃபாக்ஸ் இயந்திரத்திலிருந்து சுருண்டு வந்த தாளைக் கிழித்து, அடியில் இருந்த கட்டணத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கொண்டுவந்தாள். "அண்ணே, பத்து பெர்சென்ட் கழிவாம்! அந்தக்கா குதிப்பாங்க."

விஸ்வலிங்கம் மேலிருந்து படித்தார். பணிவான கடிதம். தங்கள் மேலாளரின் பெயர் வேறு என்று சொன்னது. குறிப்பிடப்பட்ட திரு. குகதாசன் தங்கள் சமையலறையில் பாத்திரம் கழுவும் பிரிவில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்பவர், நல்ல உழைப்பாளி, அவருடைய உறவினருக்கு ஊழியர் குடும்பச் சலுகை தருவதில் மகிழ்ச்சி என்றும் சொன்னது. நாலாம் மாடி உண்டு. ஒரே கட்டில் உண்டு.

தவமணி விட்டுப்போன புகைப்படத்தை எடுத்துப் பூதக்கண்ணாடியை வைத்தார். கோட்டின் கை விரல்களின் பாதிவரை இறங்கியிருந்தது. யாருடைய கோட்டோ. வெளியே தெரிந்த விரல் நுனிகள் மட்டும் வெளுத்து, ஊறிய கடலை போல.

பாத்திரம் கழுவுவதில் என்ன குறை என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். ஒரு குறையும் இல்லை. சொல்வதா வேண்டாமா என்பது அந்தப் பையன் பாடு; பினாங்கில் டிக்கெட் எழுதுகிறவனுக்கு அதில் என்ன உரிமை? ஆனால் அருந்ததி அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், மேலாளர் எங்கே என்று கேட்டால், ஒரே கடிதத்தில் ஈப்போவுக்குச் செய்தி எட்டிவிடும்.

மத்தியானம் தவமணி வந்தார். விஸ்வலிங்கம் இருபத்திரண்டு வருஷம் வாடிக்கையாளரிடம் பொய் சொன்னதில்லை. மழை என்றால் மழை, லிப்ட் இல்லை என்றால் இல்லை. அன்று பென்சிலை மூன்று முறை கீழே வைத்து எடுத்தார்.

"அக்கா, அந்த ஹோட்டல் கிடைக்காது."

"ஏன், இடம் இல்லையா?"

"இடம் இருக்கு. ஒரு ரூல் இருக்கு. பெரிய பொறுப்பில இருக்கறவங்களோட சொந்தக்காரங்கள அங்க தங்க விட மாட்டாங்களாம். நாளைக்கு சலுகை காட்டினான்னு யாரும் ஒரு பேச்சு சொல்லக் கூடாது பாருங்க. சுவிஸ்காரன் அப்படித்தான், ரொம்ப கண்டிப்பு."

தவமணியின் முகம் சுருங்கியது. பிறகு மெல்ல மலர்ந்தது. "பெரிய பொறுப்புன்னா எழுதியிருக்கான்?"

"அப்படித்தான் அக்கா."

"பாத்தியளா! அருந்ததி நம்பவே இல்ல, மேனேஜர்ங்கறது சும்மா பேச்சு அம்மான்னா." கைப்பையை மூடிக்கொண்டு எழுந்தார். "இருந்தாலும் விட மாட்டேன். இண்டைக்கே குகனுக்கு ஒரு கடிதம் போடுறேன். மேலிடத்தில சொல்லி, ஒரு தரம் அந்த ரூல தளர்த்தச் சொல்லி. அவன் சொன்னா கேக்க மாட்டாங்களா?"

அவர் படியிறங்கும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. விஸ்வலிங்கம் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று, சூரிச்சில் காலை ஒன்பது. முதலாளியிடம் சொல்லிவிட்டு வெளிநாட்டு அழைப்புப் புத்தகத்தில் செலவைத் தன் பெயரில் எழுதினார். வரவேற்பில் ஒரு பெண், பிறகு நீண்ட நேரம் தட்டுகள் மோதும் சத்தம், தண்ணீர், யாரோ கத்துவது, கடைசியில் ஒரு குரல்.

"ஹலோ? ஆர் கதைக்கிறது? வீட்டில ஆருக்கும் ஏதும்…"

"இல்ல இல்ல, எல்லாரும் சுகம் தம்பி. நான் பினாங்கிலேருந்து பேசறேன். உங்க தவமணி மாமிக்கு டிக்கெட் போடறவன். அருந்ததிக்குக் கல்யாணம். ஹனிமூனுக்கு அங்க வர்றாங்க."

மறுபக்கத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, விஸ்வலிங்கம் ஃபாக்ஸ் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உங்க ஹோட்டல்லதான் தங்கணும்னு மாமி சொன்னாங்க. நான் எழுதிக் கேட்டேன். உங்க ஹோட்டல் பதில் போட்டிருக்கு." விஸ்வலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேனேஜர்ட சொந்தக்காரங்க அங்க தங்கக் கூடாதுன்னு ஒரு ரூல் இருக்குதாம். மாமிகிட்ட சொல்லிட்டேன். அவங்க உங்களுக்குக் கடிதம் எழுதுவாங்க. அதான், உங்களுக்கும் அந்த ரூல் தெரிஞ்சிருக்கணும்ல."

யாரோ குழாயை மூடினார்கள். சத்தம் அடங்கியபின் அந்தக் குரல் மெதுவாக வந்தது.

"ஓம் ஐயா. இருக்கு. அப்பிடி ஒரு ரூல் இருக்கு."

"நல்லது."

"இப்ப அவையளுக்கு எந்த ஹோட்டல் போடப் போறியள்?"

விஸ்வலிங்கம் தன் இரண்டாவது தெரிவின் பெயரைச் சொன்னார்.

"ஐயோ, வேண்டாம். அங்கயும் நான் வேலை செய்தனான். வெளிநாட்டாக்களுக்குச் சமையலறைக்கு மேல உள்ள அறையைத்தான் தள்ளி விடுவினம். விடிய அஞ்சு மணிக்கே வெங்காய மணம். மச்சாளுக்கு அது சரிவராது." குரலில் இப்போது வேகம் வந்திருந்தது. "ஆத்தங்கரையில சின்னதொண்டு இருக்கு ஐயா. ஒரு கிழவி நடத்துறா. புரோஷர் ஒண்டும் இல்ல. நாலாம் மாடியில மூலை அறை. அதைக் கேளுங்கோ. தேவாலய மணி பக்கத்தில, ஆனா ராவில அடிக்க மாட்டினம்."

"கட்டில்?" என்றார் விஸ்வலிங்கம். வாழ்க்கையில் முதன்முறையாக அந்தச் சொல் தடங்கல் இல்லாமல் வந்தது. நோர்மா இருமக்கூட மறந்துபோனாள்.

"ஒரே கட்டில்தான் ஐயா. பழைய மரக் கட்டில். நானே மேல தூக்கிக் குடுத்தனான்."

பெயரையும் தெருவையும் எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். "உங்களுக்கு எந்தக் கிழமை லீவு?"

"புதன் மட்டும். நான் ஸ்டேசனுக்கே வந்து நிப்பன். படகில கூட்டிக்கொண்டு போறன். ஹோட்டல் பக்கம்…"

"அங்க அவங்களுக்கு வேலை இல்லையே தம்பி. ரூல்."

மறுபக்கம் மூச்சா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம். "ஐயாவுக்கு என்ன பேர்?"

"டிக்கெட்காரன்னு சொல்லுங்க, போதும்."

திட்டத்தில் அவர்கள் சூரிச் சேர்வது வியாழக்கிழமை. விஸ்வலிங்கம் அருந்ததியின் பள்ளிக்குத் தொலைபேசி செய்தார். "புதன்கிழமைதான்மா உங்க மச்சானுக்கு லீவு. லண்டன்ல ஒரு ராத்திரி குறைச்சுக்கலாமா? ரோம்ல கூட்டித் தர்றேன்." அவள் சிறிது யோசித்து, "ஒரு நாள் பூரா லீவு போட்டு சுத்திக் காட்டறேன்னாரா? அப்ப சரி அங்கிள்," என்றாள். தான் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை என்பதில் விஸ்வலிங்கத்துக்கு ஒரு நிம்மதி. அழிப்பானை எடுத்து லண்டனுக்குப் பிந்திய நாட்களை ஒவ்வொன்றாக அழித்து, ஒரு நாள் முன்னால் தள்ளி எழுதினார். மற்ற ஊர்களின் நான்கு ஹோட்டல்களுக்கு மறுபடி தட்டச்சு செய்தார். ஆற்றங்கரைக் கிழவிக்கு ஃபாக்ஸ் கிடையாது என்பதால் விமானத் தபாலில் ஒரு கடிதம்.

எல்லாம் முடிய ஐந்து மணி ஆகிவிட்டது. நோர்மா கோப்புகளை அடுக்க வந்தாள். தவமணி வந்தால் கோப்பைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் படிப்பவர் என்பது இருவருக்கும் தெரியும்.

"அண்ணே, அந்த சூரிச் ஃபாக்ஸ் எங்க? ஃபோட்டோகாப்பி எடுத்து வச்சிடறேன். இந்தப் பேப்பர் வெயில் பட்டா ஒரு மாசத்தில எழுத்தே போயிரும்."

"வேணாம்மா. அங்கயே இருக்கட்டும்."

நோர்மா திரும்பிப் பார்த்தாள். தாள் மேற்குச் சன்னலின் விளிம்பில், எழுத்துப் பக்கம் மேலாக, நான்கு மூலையிலும் ஒவ்வொரு முத்திரைக் கட்டை வைத்து விரித்திருந்தது. சன்னல் சட்டத்தின் நிழல் அதன் ஓரத்தில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. விஸ்வலிங்கம் எழுந்து போய் முத்திரைக் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தாளை ஒரு சாண் நகர்த்தி, மறுபடியும் வெயிலில் வைத்தார்.