சூசன் டாக்டர் எங்களைச் சாயா குடிக்க அனுப்பிய காலை

சூசன் டாக்டர் காலமான செய்தியைப் பழைய நர்ஸ் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். கடைசியில் வலி இருந்ததா என்று கேட்டேன். “தெரியல சார். வீடு நிறைய ஆளு, தனியா கேக்க முடியல” என்றார்.

மட்டாஞ்சேரியில் ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் அவர் மகப்பேறு மருத்துவர். நான் மயக்க மருந்து கொடுப்பவன். அவருடைய ஒரு வழக்கம் எனக்கு நெடுநாள் புரியவில்லை. வார்டில் நுழைந்ததும் எல்லோரையும் சாயா குடிக்க அனுப்பிவிடுவார். சில சமயம் என்னையும். நான்தான் ஏதோ இடைஞ்சல் செய்கிறேன் போலும் என்று நினைத்துக்கொள்வேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலை. மாநகராட்சித் தொழிலாளி ஒருவரின் மனைவி தங்கம், பிரசவமாகிச் சில மணி நேரத்தில் வலி தாங்காமல் முனகினாள். தையல் சுத்தமாக இருந்தது. வெளியே உதிரம் அதிகமில்லை. நாடி மட்டும் ஏன் வேகமாகிக்கொண்டே போகிறது?

“ரெண்டு தையலுக்கு இத்தனை கூப்பாடா? அடுத்த கட்டில்காரி பன்னு தின்னுட்டுக் கெடக்கா பாரு!” என்றாள் மாமியார்.

“அம்மா, போய் ஒரு சாயா குடிங்க. சாரும் கூடப் போங்க” என்றார் டாக்டர்.

நாங்கள் திரும்பியபோது கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைத் தனியே அழைத்தார்.

“வெளிக்கு முட்டுற மாதிரியே இருக்காம். மாமியார் முன்னாடி எப்படிச் சொல்லும், பாவம்? விரல் வச்சுப் பார்த்தேன். யோனிச் சுவருக்குப் பின்னால ரத்தம் கட்டுது. சின்னக் கட்டுன்னா ஐஸும் வலி மருந்தும் கொடுத்துப் பார்த்துக்கிட்டிருக்கலாம். இது வளருது.”

“எர்ணாகுளம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாமா?” என்றேன்.

“பாலம் தாண்டுற வரைக்கும் அது காத்திருக்குமா சார்? ரத்தத்துக்குச் சொல்லியாச்சு. மயக்கம் கொடுங்க.”

கொடுத்தேன். அவர் திறந்து, உறைந்த ரத்தத்தை அகற்றினார். கசியும் ரத்தநாளம் இன்னதென்று தனியாக அகப்படவில்லை. பல நேரம் அகப்படாதாம். அடுக்கடுக்காகத் தையலிட்டு, துணி வைத்து இறுக்கினார். என் விரலடியில் நாடி மெல்ல நிதானமாயிற்று.

மறுநாள் துணியை எடுத்தபின் தங்கம் கேட்டாள்: “எல்லாரையும் அனுப்புனீங்களே டாக்டரே, எனக்கு ஒரு சாயா இல்லையா?”

டாக்டர் அன்று சிரித்தது, அவரோடு வேலை செய்த உங்களில் பலருக்குத் தெரிந்த அதே சிரிப்பு.

துக்கத்துக்கு அவர் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சாயா கொடுத்தார்கள். என் கோப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே போய் நின்றேன். உள்ளே யாருக்காவது அவரிடம் தனியாகச் சொல்ல ஏதாவது இருந்திருக்கும். அப்படி விலகி நிற்பது ஒன்றைத்தான் அவரிடமிருந்து கற்றுக்கொண்டேன்.