ரோஸ்மில்க் கேமரா

ராயபுரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது மூக்குகளைப் பார்ப்பேன். கையில் எந்நேரமும் ஊசி மாதிரி ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். அது கையில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் கழற்றத் தோன்றும். அப்படித்தான் என் வீட்டுக்காரரின் அண்ணன் துபாயிலிருந்து கொடுத்தனுப்பிய கேமராவைக் கழற்றினேன்.

கேமரா வந்தது எங்கள் மகளைப் படம் எடுப்பதற்காக. அவளுக்கு அப்போது எட்டு மாதம். நான் எடுக்க ஆசைப்பட்டது நெபுலாவை. வானத்தில் வாயு மேகம் போலத் திரண்டு சிவப்பாக ஒளிரும் இடங்களுக்கு அதுதான் பெயர். பிரவுசிங் சென்டரில் ஒரு படத்தைப் பார்த்தேன், பைத்தியம் பிடித்துவிட்டது. கேமராவுக்குள் படம் பதியும் சென்சாருக்கு முன்னால் ஒரு சின்னக் கண்ணாடித் தகடு இருக்கிறது. மனிதர்களின் முகம் இயல்பாகத் தெரிவதற்காக அது சிவப்பில் பெரும்பங்கை வடிகட்டிவிடும். நெபுலாவின் சிவப்பும் அதோடு சேர்ந்து போய்விடும். தகட்டை எடுத்துவிட்டால் நெபுலா தெரியும் என்று படித்தேன். மனிதர்கள் என்ன ஆவார்கள் என்பதை நான் அவ்வளவாக யோசிக்கவில்லை.

என்ன ஆவார்கள் என்பது மறுநாள் தெரிந்தது.

"இன்னாமே இது? புள்ள ரோஸ்மில்க்ல வுழுந்து எழுந்த மாரி கீது" என்றார் வீட்டுக்காரர்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் திருவொற்றியூரில் லேத் பட்டறையில் டர்னர். கழற்றியதைத் திரும்ப மாட்டலாம் என்பது அவருடைய மதம்.

"கழட்டுன கண்ணாடி எங்க?"

"பத்திரமா வெச்சிகீறேன்" என்று ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் காட்டினேன். உள்ளே பஞ்சில் பத்திரமாகத்தான் இருந்தது, இரண்டு துண்டாக. கழற்றும்போதே உடைந்துவிட்டது. நாற்பது மூக்குக்குச் சேதம் வராமல் பார்த்துக்கொள்பவளுக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை.

"தீபாவளி வரிக்கும்தான் டைமு. அதுக்குள்ள உன் மேகத்தப் புட்ச்சிக் காட்டு. இல்லாங்காட்டி கண்ணாடிய மாட்டிக் குட்த்துடணும். பாப்பா காதுகுத்துக்குப் படம் ஒழுங்கா வரணும், சொல்லிட்டேன்."

நெபுலா கிடைத்துவிட்டால் உடைந்த கண்ணாடியைப் பற்றி அவர் கேட்கவே மாட்டார் என்று கணக்குப் போட்டேன். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் கணக்கு இல்லை.

இத்தனை கோபத்திலும் டிராக்கரைச் செய்து கொடுத்தவர் அவர்தான். பூமி சுற்றுவதால் ஒரு நிமிஷம் படம் எடுத்தால் நட்சத்திரங்கள் கோடாகிவிடும். கேமராவும் வானத்தோடு சேர்ந்து நகர வேண்டும். அவர் இரண்டு பலகையைக் கதவுக் கீலால் இணைத்து, நடுவில் மரை போட்ட ஒரு கம்பியைச் செருகினார். கம்பியைச் சீராக நிமிஷத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றினால் கேமரா உட்கார்ந்த மேல் பலகை வானத்தின் வேகத்தில் நகரும். மடித்தால் ரெக்ஸின் பையில் போய்விடும்.

கீலின் முனை மட்டும் துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் அது துணி காயப்போடும் கொடி உயரத்தில்தான் இருக்கும். அதுவும் மொட்டைமாடிக்கு வடக்கே ஒரு கம்பெனிப் புகைபோக்கி நிற்கும் பக்கம். ஒரு வாரம் முழுக்க நான் குறிபார்த்தது அந்தப் புகைபோக்கியின் உச்சி விளக்கை. துருவ நட்சத்திரம் அசையாது என்று படித்திருந்தேன், அதுவும் அசையவில்லை. அடுத்த வாரம் உண்மையான நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தபோது மழை பிடித்துக்கொண்டது.

ஆயுத பூஜையன்று மழை விட்டது. எங்கள் பகுதியில் தீபாவளியைக்கூட விட்டுக்கொடுப்பார்கள், ஆயுத பூஜையை விடமாட்டார்கள். ஸ்பேனர், சுத்தியல், தராசு, தையல் மிஷின் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மறுநாள் காலை கற்பூரம் காட்டும் வரை அவற்றைத் தொடக்கூடாது. என் வீட்டுக்காரர் காலையிலேயே வீட்டில் பூஜை போட்டார். அவர் அளவெடுக்கும் வெர்னியர், என் ஸ்க்ரூ டிரைவர், லென்ஸ் மூடியில் பொட்டோடு கேமரா, அதன் பக்கத்தில் டிராக்கர். கடைசியில் அந்த மூக்குக்கண்ணாடிக் கூடு. அதற்கும் ஒரு பொட்டு. நான் சொன்ன பொய்க்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்ட ஒரே மனிதர் அவர்தான்.

சாயங்காலம் மகளைத் தூக்கிக்கொண்டு பட்டறையில் பொரி கொடுக்கப் போனார். நான் மாடிக்குப் போய்ப் பார்த்தால், நவமி நிலா இருந்தும் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. பட்டறைகள் மூடிக்கிடந்தன. டேங்கர் லாரிகள் வாழைக்கன்று கட்டிக்கொண்டு ஓரமாக நின்றதில் புழுதியும் இல்லை. தெற்கே தனுசு ராசி, டீக்கடைக் கெட்டில் வடிவத்தில். அதன் மூக்குக்கு மேலே ஆவி பறக்கும் இடத்தில்தான் என் நெபுலா. மழைக்காலத்தில் தீபாவளிக்குள் இப்படி இன்னொரு நாள் கிடைக்காது. சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மாடியேறினேன்.

முதல் படத்தில் நட்சத்திரமெல்லாம் புழுவாக நெளிந்தது. இரண்டாவதும் அப்படியே. கம்பி இறுகி நின்று, பிறகு வெடுக்கென்று சுற்றியது. டார்ச் அடித்துப் பார்த்தேன். மரை நெடுகச் சந்தனம், காய்ந்து கெட்டியாக. வேலை செய்யும் பாகத்தில்தான் பொட்டு வைக்க வேண்டும் என்பது டர்னர்களின் சாஸ்திரமாம்.

அந்த நேரம் தோளில் தூங்கும் மகளோடும் பொரிப் பொட்டலத்தோடும் அவர் மாடிக்கு வந்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

"யோவ், மரையில போயி யாராவது சந்தனம் பூசுவானா? அறிவு கீதா உனக்கு?"

"பொட்டு வெச்சத எவளாவது அன்னிக்கே தூக்குவாளா? காலைல நான் தொடச்சிக் குட்த்திருப்பேன். இன்னாமே அவசரம் உனக்கு? படம் வர்லன்னா கண்ணாடிய மாட்டிக்கலாம்ல?"

"மாட்ட முடியாதுய்யா. அது ஒடஞ்சிப்போச்சு."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது.

"எப்போ?"

"கழட்டுன அன்னிக்கே."

அவர் மகளை என் தோளுக்கு மாற்றிவிட்டுக் கீழே போனார். சரி, இனி பேச்சுவார்த்தை கிடையாது என்று நினைத்தேன். வெட்கத்தில் காது எரிந்தது. அவர் மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷுமாகத் திரும்பி வந்தார். கம்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆயுத பூஜையன்று அவர் ஒரு கருவியைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. மரையைத் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பலகைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டார்.

"நீ பட்டன அமுக்கு. நான் சுத்துறேன்."

லேத்தில் பதினைந்து வருஷம் பழகிய கை. சுற்றுவதே தெரியவில்லை. ஒரு நிமிஷம் கழித்துக் கேமராவின் சின்னத் திரையில் நட்சத்திரங்கள் புள்ளியாக வந்தன. நடுவே, கெட்டிலின் மூக்குக்கு மேலே, விரல்நகம் அளவுக்குச் செக்கச்செவேல் என்று ஒரு மேகம்.

அவர் திரையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் தோளில் தூங்கியவளைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரில துணில சுத்திக் குட்த்தாங்களே, அன்னிக்குப் பாப்பா இந்தக் கலர்லதான்மே இருந்துச்சு. அப்போ நம்மகிட்ட கேமரா இல்ல."

நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

"அளுவாதமே, பலகை ஆடுது" என்றார், கம்பியிலிருந்து கையை எடுக்காமல். "இன்னொண்ணு எடு."