தப்பாகச் சொன்னால் எழுந்து நிற்கணும்

போன ஞாயிறு தேக்கா மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனேன். வாங்காமலே ஓடி வந்துவிட்டேன்.

விலை அதிகமோ என்று நினைக்காதீர்கள். என்னை ஓட வைத்தவர் ஒரு நல்ல மனிதர். பெயர் சவரிமுத்து. செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். சுமார் பத்து வருஷத்துக்கு முன்னால் என்னிடம் இங்கிலீஷ் படித்தவர். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பைகளைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். கூட வந்த மருமகனிடம் என்னைக் காட்டினார்.

"இவருதான் எங்க இங்கிலீஷ் சாரு. நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாரு. என் மண்டையிலதான் ஏறல."

மருமகன் சிரித்தான். "மாமா அடுத்த மாசம் ரிட்டையர் ஆவுறாரு சார்."

"வெல்டரா சேந்தேன், வெல்டராவே போறேன்" என்றார் சவரிமுத்து. சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. நெடுநேரம் இருமினார்.

நான் என்ன செய்தேன்? "உடம்பைப் பாத்துக்கங்க" என்று எதையோ உளறிவிட்டு, அவசர வேலை இருப்பதாகப் பொய் சொல்லி நழுவினேன்.

ஏன் என்கிறீர்களா? சொல்கிறேன்... சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்தாறு வயது. பகலில் பள்ளிக்கூட வேலை. வாரத்தில் இரண்டு சாயங்காலம், சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு சர்ச் ஹாலில் பெரியவர்களுக்கு இலவச இங்கிலீஷ் வகுப்பு. இலவசம் என்பதாலேயே என்னைப் பற்றி எனக்கு ரொம்ப உயர்ந்த அபிப்பிராயம்!

இங்கிலீஷ் வினைச்சொற்கள்தான் என் பிரம்பு. 'நேற்று' என்று நான் தொடங்குவேன். அவர்கள் வாக்கியத்தை முடிக்க வேண்டும். 'வென்ட்' வர வேண்டிய இடத்தில் 'கோ' வந்தால் எழுந்து நிற்கணும். சரியாகச் சொல்லி, நான் "உட்காருங்க" என்ற பிறகுதான் உட்காரலாம். பள்ளிப் பிள்ளைகளிடம் செய்ததை அப்படியே பேரன் பேத்தி எடுத்தவர்களிடமும் செய்தேன். யாரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற ஜனம் நாம்.

அதிகம் நின்றவர் சவரிமுத்து. பட்டறை முடிந்து, குளித்து, தலைவாரி, இரண்டு பஸ் மாறி வருவார். ஃபோர்மேன் வேலைக்கு இன்டர்வியூ வரப்போகிறது. "அது கெடச்சா வெல்டிங்குக்காகக் கப்பல் தொட்டிக்குள்ள எறங்க வேணாம் சார். உள்ள ஒரே பொகை. நெஞ்சு தாங்கல" என்பார்.

இன்டர்வியூவும் வந்தது. அடுத்த வகுப்பில் விசாரித்தேன்.

"வேலையப் பத்தித்தான் சார் கேட்டாங்க. எல்லாம் தெரிஞ்சதுதான். போன மாசம் ஒரு கப்பல்ல வெடிப்பு அடைச்சத சொல்லச் சொன்னாங்க. 'லாஸ்ட் மந்த் ஐ கோ'ன்னுட்டேன். தப்புன்னு உடனே தெரிஞ்சுது. எந்திரிச்சு நின்னுட்டேன்."

"நின்னுட்டீங்களா! அப்புறம்?"

"சரியான வார்த்தை வாயில வரல. வராம எப்படி உக்கார்றது? அவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க. நான் கெளம்பறேன்னு நெனச்சாங்களோ என்னமோ, கை குடுத்து அனுப்பிட்டாங்க. உக்காருன்னு சொல்ல நீங்க அங்க இல்லியே சார்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அது போதாதென்று, "இன்னும் நல்லா பழகணும், சவரிமுத்து" என்று அறிவுரை வேறு! என்னைவிட இருபது வயது மூத்தவர். ஓர் 'அண்ணே' கூடப் போடவில்லை.

நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. 'கோ' என்று சொன்னால் கப்பலில் வெடிப்பு அடைபடாதா? என்னிடம் வருவதற்கு முன்னால் அந்த அரைகுறை இங்கிலீஷை வைத்துக்கொண்டுதான் மேலதிகாரிகளிடம் கணீரென்று பேசிக்கொண்டிருந்தார். அவர்களுக்கும் புரிந்துகொண்டுதான் இருந்தது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மனிதரை வாயடைத்து நிற்கப் பழக்கியவன் நான்.

எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு. மாணவன் ஜெயித்தால் வாத்தியாரின் திறமை — தோற்றால் அவன் மண்டை! சவரிமுத்து இத்தனை வருஷமாக அதை நம்பிக்கொண்டிருக்கிறார்.

ஞாயிறன்றாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டே வாக்கியம்தான். மருமகன் முன்னால் மரியாதை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். யாருடைய மரியாதை? என்னுடையதுதான்! அவருடையது என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது, நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சே!

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பதாக அன்று மார்க்கெட்டில் சொன்னார். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அண்ணே, உங்கள் மண்டையில் ஒரு குறையும் இல்லை. அந்த வேலை உங்களுக்குக் கிடைக்காமல் போனது என்னால். மன்னித்துக்கொள்ளுங்கள்.

மருமகனுக்கும் இதை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.