ஸ்பானர் தொடாத பணக்காரன்

பிள்ளைகளா,

போன வாரம் வீடியோ காலில் மகன் கேட்டானே, "அப்பா, எவ்வளவு சேந்ததும் இது போதும்னு நிறுத்துனீங்க? நானும் நாப்பத்தஞ்சு வயசுல நிறுத்தணும்னு பாக்குறேன்" என்று. நானும் பெருமையாக ஒரு தொகையைச் சொன்னேன். மகள் கூட, "அப்பா கெட்டிக்காரர்" என்றாள். போனை வைத்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் சொன்ன கணக்கில் பொய் இல்லை, ஆனால் அது முழுக் கணக்கு இல்லை. மீதியைப் பேச்சில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுதுவது, தப்பிருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ஜங்லிகாட்டில் நான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். போர்ட் பிளேரில் பாதி வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஒரு தடவையாவது என் மேசைக்கு வந்திருக்கும். கைநகத்தில் வார்னிஷ் கறை போகாமலே இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டினேன். டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் நம் வீட்டுக்கு மேலே இரண்டு போர்ஷன், சரிவில் கீழே ஒன்று என்று கட்டி முடித்து, மூன்றுக்கும் ஆள் வந்தார்கள். வாடகை மொத்தமும் கடையில் எனக்கு மிஞ்சுவதும் சமமாக வந்த மாதம், கடையை என்னிடம் வேலை பார்த்த பெங்காலிக்கே கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். உங்கள் படிப்புக்கு ஏற்கெனவே பேங்கில் போட்டிருந்தேன். அவ்வளவுதான் என் கணக்கு.

அன்று பெரிய இறால் வாங்கி வந்து, "இன்னையிலேருந்து நான் சேட்டு. இனி ஸ்பானரைக் கையால தொட மாட்டேன்" என்றேன். நீங்கள் இருவரும் சிரித்தீர்கள்.

உங்கள் அம்மா, "சேட்டு, அந்த இறாலை உரிச்சாவது குடுப்பாரா?" என்று கேட்டாள்.

"சேட்டு எங்கயாவது இறால் உரிப்பாரா?" என்றேன். அவளும் சிரித்தாள். அவளேதான் உரித்தாள்.

அதற்குப் பிறகு காலையில் மீன் மார்க்கெட், டீக்கடை, மத்தியானம் தூக்கம். டீக்கடையில் உட்காருகிறவர்கள், "ஆப்கா தோ மஜா ஹை, பாய்" என்பார்கள். உங்களுக்கென்ன, சுகம்தான் என்று. நான் உடனே பாடம் எடுப்பேன். ஆசையை ஒரு கோட்டில் நிறுத்தத் தெரிந்தவன்தான் பணக்காரன், மெயின்லேண்டில் நிலம் வாங்கணும், கார் வாங்கணும் என்று ஓடுகிறவன் கடைசி வரை ஏழை என்பேன். அதை இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

ஏனென்றால் அந்த வாடகை தானாக வரவில்லை. முனிசிபல் தண்ணீர் ஒன்று விட்டு ஒரு நாள், கோடையில் மூன்று நாளுக்கு ஒரு தடவை, விடியும்போது கொஞ்ச நேரம் வரும். அதைத் தரைத்தொட்டியில் பிடித்து, மோட்டார் போட்டு மேல் டேங்கை நிரப்பி, கீழ் போர்ஷனுக்கு டியூப் இழுத்து டிரம்மில் விட்டு, படிக்கட்டைக் கழுவி, "ஆன்ட்டி, பானி நஹி ஆயா" என்று, தண்ணீர் வரவில்லை என்று எவர் கதவைத் தட்டினாலும் போய்ப் பார்த்தது உங்கள் அம்மா. தண்ணீர் இல்லையென்றால் ஒரு மாதம்கூட யாரும் இருக்க மாட்டார்கள். நான் அதை ஒரு வேலையாகவே எண்ணவில்லை. அவள்தான் வீட்டில் இருக்கிறாளே என்று நினைத்தேன்.

இதில் இன்னொன்று. நம் வீட்டு மோட்டாரே பழுதாக இருந்தது. தொட்டிக்குள் குழாயின் அடியில் இருக்கும் வால்வு தேய்ந்துவிட்டால் குழாயில் தண்ணீர் நிற்காது. ஒவ்வொரு தடவையும் மோட்டாரின் தலையில் சொம்பு சொம்பாக ஊற்றி நிரப்பினால்தான் அது இழுக்கும். கடை இருந்தபோது அம்மா சொல்வாள், "என்னங்க, மோட்டார் இழுக்கல, கொஞ்சம் பாருங்களேன்." ஊர் மோட்டாரைப் பார்க்கவே நேரம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்பேன். கடையை விட்ட பிறகும் சொன்னாள். "நான்தான் ஸ்பானர் தொட மாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல" என்றேன். மகளே, பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குக் கிளம்பும் காலையில் யூனிஃபார்மோடு நீயும் அந்தச் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கோடையில் மதுரையில் உங்கள் சித்திக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். பக்கத்தில் இருந்து கஞ்சி வைத்துக் கொடுக்க அவளுக்கு ஆள் இல்லை. அம்மா போக ஆசைப்பட்டாள். நான் தாராளமாக, "பிளேன்லயே போ. நமக்கென்ன குறை?" என்றேன்.

"தண்ணி மூணு நாளுக்கு ஒருக்க வருது. நீங்க பாத்துக்குவீங்களா?"

"தண்ணி பிடிக்கிறதெல்லாம் ஒரு வேலையா? வாடகை குடுக்கிறவன் பிடிச்சுக்குவான்."

"மாடி டேங்கு நிரம்பலன்னா மேல குடியிருக்கிற நர்ஸ் பொண்ணு டூட்டிக்கு எப்படிப் போவா?" என்று கேட்டாள்.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற ஒரு சொல் என் வாயில் வரவில்லை. அவள் இரண்டு நாள் காத்திருந்தாள். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. போகவும் இல்லை.

சித்தியை ஆபரேஷனுக்குக் கூட்டிப்போனதும், வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டதும் அவளுடைய எதிர்வீட்டு அம்மாள். சில நாள் கழித்து சித்தி போன் செய்தாள். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் பக்கத்து அறையில் படுத்திருந்தேன்.

"அக்கா, அத்தான் ரிடையர் ஆயிட்டாரு, பெரிய பணக்காரருன்னு ஊரே சொல்லுது. உனக்கு மட்டும் லீவு இல்லையாக்கும்?"

"அவரு ஒருத்தர் ரிடையர் ஆகுறதுக்கே நான் ஓவர்டைம் பாக்குறேன்டி" என்றாள் அம்மா. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துச் சிரித்துச் சித்திக்குத் தையல் வலித்து, "ஐயோ, போதும்க்கா" என்றாள். அம்மா உடனே சிரிப்பை நிறுத்திவிட்டாள். அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. நான் எழுந்து போயிருக்க வேண்டும். தூங்குவது போலக் கிடந்தேன்.

மழை தொடங்கியதும் நானே டிக்கெட் போட்டு, போன வாரம் அம்மாவை மதுரைக்கு அனுப்பிவைத்தேன். அவள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய நாட்கள் முடிந்துபோன பிறகு அனுப்பினேன். ஏர்போர்ட் வாசலில் அவள் சொன்னாள், "சொம்பு மோட்டாருக்குப் பக்கத்துலயே இருக்கு. வழியிற வரைக்கும் ஊத்துங்க. குமிழி வந்தா நிறுத்தாதீங்க."

"எனக்கே மோட்டார் சொல்லித் தர்றியா?"

"நீங்கதான் எல்லாத்தையும் விட்டுட்டீங்களே" என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த தண்ணீர் நாளில் குனிந்து ஊற்றினேன். இழுத்தது, விட்டது. திரும்ப ஊற்றினேன். மேல் டேங்க் பாதி நிரம்புவதற்குள் முனிசிபல் தண்ணீர் நின்றுபோனது, என் இடுப்பும் பிடித்துக்கொண்டது. நர்ஸ் பெண் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "அங்கிள், ஆன்ட்டி கப் ஆயேகி?" என்று கேட்டாள். ஆன்ட்டி எப்போது வருவாள் என்று. அன்று மாலைதான் நீங்கள் வீடியோ காலில் வந்தீர்கள். இடுப்பில் தைலத்தைத் தடவிக்கொண்டேதான் மகனுக்கு அந்தத் தொகையைச் சொன்னேன்.

மகனே, நீ நிறுத்த நினைக்கிற அன்று, உன்னோடு சேர்ந்து வேறு யார் நிறுத்துகிறார்கள் என்று பார். யாரும் இல்லையென்றால் நீ இன்னும் பணக்காரன் ஆகவில்லை. நான் ஆனதாக நினைத்தேன்.

நீங்கள் பேசியதற்கு மறுநாள் ஜங்லிகாட்டுக்குப் போய், என் பழைய கடையில் ஒரு வால்வு கேட்டேன். "க்யா உஸ்தாத், ஃபிர் சே காம் சாலு?" என்று அந்தப் பெங்காலி சிரித்தான். மறுபடியும் வேலையா என்கிறான். "வீட்டு வேலைதான்" என்றேன். காசு வேண்டாம் என்றான், மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் யாரும் இல்லை. பரணில் கிடந்த பையிலிருந்து ஸ்பானரை எடுத்தேன். துரு பிடித்திருந்தது. தொட்டிக்குள் இறங்கிப் பழைய வால்வைக் கழற்றிப் புதியதை மாட்டி, கடைசியாக ஒரு தடவை ஊற்றி மோட்டாரைப் போட்டேன். நிறுத்தினேன். டீ குடித்துவிட்டு வந்து, ஊற்றாமலே போட்டேன். இழுத்தது. அந்தச் சொம்பின் விளிம்பு நசுங்கியிருந்தது. அதைப் புளி போட்டுத் தேய்த்து, சமையலறையில் மற்றப் பாத்திரங்களோடு கவிழ்த்து வைத்தேன்.