பாலாவியில் வந்த நித்திரை

பெருநாள் காலத்தில் பாலாவிச் சந்தியில் நின்று கற்பிட்டி பஸ்ஸில் ஏறுவது நடக்கிற காரியமில்லை. பஸ் புத்தளத்திலேயே நிரம்பிவிடும். எங்கள் சந்திக்கு வரும்போது மிதிபலகையில் நாலு பேர் தொங்கிக்கொண்டிருப்பார்கள். அதனால் விசயம் தெரிந்தவர்கள் ஒரு வேலை செய்வார்கள். கற்பிட்டிப் பக்கம் போகிறவர்கள் முதலில் எதிர்ப்பக்கமாகப் புத்தளத்துக்குப் போவார்கள். அங்கே பஸ் நிலையத்தில் வெறும் பஸ்ஸில் ஏறி இருந்துகொண்டு, ஒரு மணித்தியாலம் கழித்துத் தங்கள் வீட்டு வாசலைத் தாண்டியே பயணம் போவார்கள்.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய நாள் நானும் மனைவியும் அதைத்தான் செய்தோம். பெருநாள் கற்பிட்டி வழியில் எத்தாளையில், மனைவியைப் பெற்ற மாமி வீட்டில். மனைவிக்கு ஏழு மாதம். அவளை எத்தாளை வரைக்கும் ஆசனத்தில் இருக்கவைத்துக் கூட்டிப்போவதுதான் எனக்கு இருந்த ஒரே பொறுப்பு. ஓட்டோ பிடிப்போமா என்று அவள் கேட்டாள்தான். நான் பள்ளிக்கூடத்தில் குடியியல் படிப்பிக்கிறவன். பொதுப் போக்குவரத்தின் அருமை பற்றி ஒரு சின்னப் பிரசங்கம் வைத்தேன்.

"பிரசங்கம் முடிஞ்சா சொல்லுங்க, போவம்" என்றாள்.

சந்தியில் எங்களோடு ஒரு வயதான உம்மாவும் நின்றார். முழங்காலில் தடிப்பாகக் கட்டுப் போட்டிருந்தார். நாங்கள் எதிர்ப்பக்கத்து பஸ்ஸில் கால் வைத்ததும் பதறிப்போய், "மகன், அது புத்தளம் போற பஸ்" என்றார். "தெரியும் உம்மா" என்று சிரித்தேன். பாவம், விசயம் தெரியாதவர் என்று நினைத்துக்கொண்டேன்.

புத்தளத்தில் கற்பிட்டி பஸ் நிற்க முதலே என் சட்டைப்பைக் கைலேஞ்சியை யன்னலால் எறிந்து ஒரு ஆசனத்தைப் பிடித்தேன். மனைவியின் குடையால் பக்கத்து ஆசனத்தைப் பிடித்தேன். பிறகு கதவடிக்குப் போனேன். நான் ஏறினேன் என்று சொல்ல முடியாது, ஏற்றப்பட்டேன். மனைவிக்கு மட்டும் எப்படியோ வழி விட்டார்கள். அவளை யன்னல் பக்கம் இருத்தி நான் ஓரத்தில் இருந்தபோது, நாட்டுக்கு ஏதோ செய்துவிட்ட மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது.

பஸ்ஸில் நித்திரை கொள்கிறவர்களைக் கண்டால் எனக்கு அன்றுவரை ஆகாது. அது ஒரு தனி வகை நித்திரை. ஆட்கள் ஏறும் இடத்தில் வரும், மிச்சக்காசு தரும்போது கலையும். அன்றைக்கும் முன்னால் 'கர்ப்பிணித் தாய்மாருக்கு' என்று எழுதியிருந்த ஆசனத்தில் ஒரு தாடிக்காரர் வாயைத் திறந்து நித்திரையாக இருந்தார். எத்தனை மாதம் என்று கேட்டுவிட்டு வரட்டுமா என்று மனைவியிடம் கேட்டேன். சும்மா இருக்கச் சொன்னாள்.

பாலாவி வந்தது. நாங்கள் விட்டுப்போன சனம் அப்படியே நின்றது, இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது. "பின்னுக்கு இடமிரிக்கி, பின்னுக்குப் போங்க" என்று கொண்டக்டர் சத்தம் போட்டார். பின்னுக்கு இருந்த இடம் அவருக்கு மட்டும்தான் தெரிந்தது. தள்ளுமுள்ளில் அந்த முழங்கால் கட்டு உம்மா வந்து சரியாக என் ஆசனத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

எனக்கு நித்திரை வந்தது.

அல்லாஹ் அறிய, நான் அதைக் கூப்பிடவில்லை. கண் தானாக மூடிக்கொண்டது. முன்னால் இளந்தாரிகள் இருக்கிறார்கள், அவர்கள் எழும்பட்டும் என்று உள்ளே ஒரு நியாயம் ஓடியது. தனக்குத் தனக்கென்றால் சுளகும் படக்குப் படக்கென்னும். மனைவியின் முழங்கை என் விலாவில் ஒரு தரம் இடித்தது. இரண்டாம் தரம் பலமாக இடித்தது. நித்திரைக்காரனுக்கு இடி தெரியக்கூடாதே என்று அசையாமல் இருந்தேன். பிறகு அவள் எழும்பி என் முழங்காலை உரசிக்கொண்டு வெளியே போவது தெரிந்தது.

"இதில இரிங்க உம்மா."

"வேணாம் புள்ள. நீ வாயும் வயிறுமா நிக்கிறாய்."

"இருந்து இருந்து எனக்கு நாரி இடுப்பெல்லாம் நோவுது. நீங்க இரிங்க."

உம்மா இருந்தார். "புருசன் நல்ல நித்திர போல."

"ஓம். படிப்பிக்கிற ஆள். களைப்பு."

அந்த இடத்தில் கண்ணைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் திறந்தால் இதுவரை மூடியிருந்ததற்குக் கணக்குச் சொல்ல வேண்டுமே. ஆப்பிழுத்த குரங்கு மாதிரி மாட்டிக்கொண்டேன். அடுத்த பள்ளத்தில் பஸ் விழும்போது திடுக்கிட்டு முழிப்போம் என்று திட்டம் போட்டேன். பள்ளமும் வந்தது. அதற்குள் உம்மா, "தல அடிபடப் போகுது" என்று என் தலையைக் கையால் தாங்கிக்கொண்டார். அந்தக் கையை வழியில் இருக்கிற நுரைச்சோலை தாண்டியும் அவர் எடுக்கவில்லை.

அதற்கிடையில் பஸ் முழுக்க என்னைப் பற்றிக் கதைத்தது. "புள்ளத்தாச்சிய நிக்கவிட்டுட்டு நித்திரயப் பாருங்க" என்றது ஒரு குரல். "இந்தக் காலத்து மாப்பிளமார் இப்பிடித்தான்" என்றது இன்னொன்று. மனச்சாட்சி செத்துப்போச்சு என்று ஒருவர் நாட்டு நிலைமை வரைக்கும் போனார். எல்லாக் குரலும் இருந்த இடத்திலிருந்தே வந்தன. ஒருவர்கூட எழும்பவில்லை. அவர்களைத் திட்ட எனக்கு வாய் துறுதுறுத்தது. நித்திரைக்காரன் எப்படித் திட்டுவது? வெட்கத்தில் என் காது சுட்டது. அவள் எத்தாளை வரைக்கும் நின்றுதான் வந்தாள்.

"எழும்புங்க, எத்தாள வந்துட்டு" என்று தோளைத் தொட்டாள். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு கொட்டாவியும் விட்டேன். அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

வீட்டு வாசலில் என் முகத்தைக் கண்டதும் மாமி, "மகனுக்கு என்ன, மொகம் வாடியிரிக்கி?" என்று கேட்டார்.

"ஒடம்புக்குச் சரியில்ல உம்மா" என்றாள் மனைவி. "வழி நெடுக நித்திர."

அவ்வளவுதான். மாமி பாயை விரித்து என்னைப் படுக்கவைத்துவிட்டார். அடுப்படியில் பொரிக்கிற வாசனை எனக்கு, பலகாரம் மற்றவர்களுக்கு. பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் மனைவி அவித்த கொத்தமல்லியைக் கோப்பையில் கொண்டுவந்து தந்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். இரண்டு பாதமும் வீங்கியிருந்தன. செருப்பு வார் பட்ட இடம் அச்சாகப் பதிந்திருந்தது.

"புள்ள, நான் பஸ்ஸில நித்திர கொள்ளல்ல" என்றேன்.

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"நித்திர கொண்டா நீங்க கொறட்ட விடுவீங்க." வீங்கிய காலை நீட்டிப் பாயின் ஓரத்தில் வைத்துக்கொண்டாள். "ஒரு சின்னக் கொறட்டயாவது விட்டிருந்தா நானும் நம்பியிருப்பன்."