நான் சொன்ன சாட்சி

சாட்சி என்ற சொல்லை நான் கோர்ட்டிலிருந்துதான் முதலில் கற்றுக்கொண்டேன். விருத்தாசலத்தில் அப்போதே கோர்ட்டு உண்டு. எங்கள் தெருவில் நடந்த ஒரு வேலித் தகராறில் அப்பாவைச் சாட்சியாகப் போட்டிருந்தார்கள். வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு காலையில் போவார். மதியத்துக்கு மேல் வாடிய முகத்தோடு வந்து, "வாய்தா போட்டுட்டாங்க" என்று அம்மாவிடம் சொல்வார். யார் தப்பு செய்தார்கள் என்பதை எல்லோர் முன்னாலும் சொல்கிறவர் சாட்சி. பதினொரு வயதில் அதற்கு வேறு பொருள் எனக்குத் தெரியாது. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டேன். வேறு பொருள் தெரிந்திருக்கிறது. தெரிந்து என்ன ஆகிவிட்டது என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

அந்த வருஷம் மேற்றிராணியார், அதாவது பிஷப், எங்கள் பங்குக் கோயிலுக்கு, ஞானஸ்நானம் பெற்றவர்களை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் உறுதிப்பூசுதல் கொடுக்க வருவதாக இருந்தது. அதற்காக மாதா கோயிலை ஒட்டிய கொட்டகையில் சாயங்காலம் ஞானோபதேச வகுப்பு நடந்தது. வகுப்பில் அரைக்கால் சட்டைகளுக்கும் பாவாடைகளுக்கும் நடுவில் ஒரே ஒரு புடவை. அது என் சித்தி. அப்பாவின் தம்பி மனைவி. வேப்பூர்ப் பக்கத்துப் பெண். சித்தப்பாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கிக் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவள். கல்யாணப் பூசையிலேயே புது நன்மையும், அதாவது முதல் நற்கருணையும், வாங்கிவிட்டாள். பாக்கி இருந்தது இது ஒன்றுதான். பையன்கள் அவளைப் "பெரிய பாப்பா" என்று கூப்பிட்டுக் கேலி செய்வார்கள். அவளும் "இன்னாடா சின்னப் பாப்பா" என்பாள்.

உபதேசியார் பகலில் பீங்கான் கம்பெனியில் அச்சுப் போடுகிறவர். விரலிடுக்கில் வெள்ளை மண்ணோடுதான் வகுப்புக்கு வருவார். பெரிய விஷயங்களைக் கம்பெனியை வைத்தே சொல்வார்.

"ஞானஸ்நானம்ங்கிறது அச்சு. அதுல தான் உங்களுக்கு உருவம் வந்துச்சு. உறுதிப்பூசுதல் சூளை. வெந்தாதான் தண்ணி தாங்கும். நன்மைங்கிறது அந்தக் கப்புல ஊத்துற பாலு. கப்பு தானே குடிக்குமா? குடிக்காது. அடுத்தவனுக்குக் குடுக்கத்தான் கப்பு."

"சூளையில வெடிக்கிறதும் உண்டுங்களே" என்றாள் சித்தி.

வகுப்பு சிரித்தது. உபதேசியாரும் சிரித்துவிட்டு, "உங்க வூட்டுக்காரரு அடுக்குற அடுக்குல வெடிக்காம என்ன செய்யும்" என்றார். சித்தப்பா அதே கம்பெனியில் சூளைக்குள் சாமான் அடுக்குகிற வேலை.

சித்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஞானோபதேசக் கேள்விகளை நான்தான் வாசித்துச் சொல்லிக் கொடுத்தேன். அவள் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே பதில் சொல்வாள்.

"சர்வேசுரன் எங்கே இருக்கிறார்?"

"எங்கும் இருக்கிறார்." உடனே புளியை விட்டுவிட்டு நிமிர்வாள். "எங்கும்னா, எங்க வேப்பூரு சந்தையிலயும் இருப்பாராடா?"

"சித்தி, பொஸ்தகத்துல இருக்கிறத மட்டும் சொல்லு."

"சரிங்க வாத்தியாரே."

உபதேசியார் கடைசி வகுப்பில் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "நெத்தியில எண்ணெய் பூசினவன் சாட்சியா நிக்கணும். பயப்படக் கூடாது. வூட்டுல தடுத்தாலும் ஊருல சிரிச்சாலும் சொல்லணும்." எதைச் சொல்லவேண்டும் என்பதையும் அவர் சொல்லியிருப்பார். நான்தான் அதைக் கேட்காமல் கோர்ட்டை நினைத்துக்கொண்டிருந்திருப்பேன்.

மேற்றிராணியார் வந்தார். ஒரே வரிசையில் நானும் சித்தியும் முழந்தாளிட்டோம். நெற்றியில் எண்ணெயால் சிலுவை போட்டு, கன்னத்தில் மெல்லத் தட்டினார். விசுவாசத்துக்காக அடிபடவும் தயாராக இருக்கவேண்டும் என்பதற்கு அந்தத் தட்டு. "எங்கப்பன்கூட என்னை அடிச்சதில்ல" என்று வெளியே வந்ததும் சித்தி கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரித்தாள்.

அவள் சிரித்து நான் கேட்டது அதோடு சரி. அடுத்த மாதமே கம்பெனியில் ஒரு சூளைச் சாமான் முழுவதும் வளைந்துபோனது. முதலாளி எல்லோர் முன்னாலும் சித்தப்பாவைக் கேட்கக்கூடாத வார்த்தை கேட்டார். சித்தப்பா வீட்டுக்கு வரவில்லை. லாரி ஏறிப் போனதாக ஒருவர் சொன்னார், ரயில் என்று ஒருவர் சொன்னார். அப்பா நெய்வேலி, சேத்தியாத்தோப்பு என்று தேடி அலைந்து திரும்பினார். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் அந்தோனியாருக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் சித்தி மெழுகுவத்தி ஏற்றினாள். மழைக்காலம் வந்து போனது. சித்தப்பா வரவில்லை.

தை பிறந்து சித்தி தாய்வீட்டுக்குப் புறப்பட்டபோது துணைக்கு என்னை அனுப்பினார்கள். வேப்பூர் பஸ். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே, மணவாளநல்லூரில், சித்தி என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். எதிரே கொளஞ்சியப்பர் கோயில்.

எங்கள் பக்கத்தில் யாருக்கும் அந்தக் கோயிலைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. போலீசில் புகார் கொடுப்பதுபோல அங்கே முருகனுக்குக் காகிதத்தில் பிராது எழுதுவார்கள். அதைச் சாமி முன்னால் வைத்து வாங்கி, முனியப்பர் எதிரே நட்டிருக்கும் வேலில் கட்டிவிட்டுப் போவார்கள். மாடு தொலைந்தாலும் மனுஷன் தொலைந்தாலும் பிராதுதான்.

"வேதக்காரங்க இங்க வரக்கூடாது சித்தி."

"எங்கும் இருக்காருன்னு நீதானடா சொல்லிக் குடுத்த."

எழுதிக் கொடுக்க அங்கே ஆள் உண்டு. முன்பின் தெரியாத ஒருவரிடம் புருஷன் ஓடிப்போன கதையைச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. காகிதத்தை வாங்கி என் மடியில் வைத்தாள். "நீ எழுதுடா. மரியாதையா எழுது." எழுதினேன். சித்தப்பா போன விவரம், திருப்பி அனுப்பிவைக்கும்படி வேண்டுகோள். இப்படிக்கு என்று போட்டுவிட்டு எந்தப் பேர் என்று கேட்டேன். அவளுக்குத் தாய்வீட்டுப் பேர் ஒன்று, ஞானஸ்நானப் பேர் ஒன்று.

"ஞானஸ்நானப் பேரையே போடு. பழைய பேரப் போட்டா, விசாரிக்க வர்றவரு யாருன்னு தேடுவாரு?"

வேலில் காகிதத்தைக் கட்டினாள். கட்டிவிட்டு, அத்தனை பேர் நடுவில், நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, நான் சொல்லிக் கொடுத்த பரலோக மந்திரத்தைச் சத்தமாகவே சொன்னாள். அவளுக்கு மெதுவாகச் சொல்லத் தெரியாது. பக்கத்தில் பிராது கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள்.

"என்னம்மா சொல்ற நீ?"

"எங்க வூட்டு ஜெபம்ங்க."

"நல்லாருக்குதே. இன்னொரு வாட்டி சொல்லு."

சித்தி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அப்பம் கேட்கும் இடம் வந்ததும் அந்தப் பெண், "அப்பம்னா ஆப்பமா?" என்றாள். "சோறுங்க. அன்னன்னைக்கு வேண்டிய சோறு." "மன்னிக்கச் சொல்லியும் வருதே?" "ஆமாங்க, நாமளும் மன்னிக்கணும்ல. அதான் கஷ்டம்." இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். பஸ் போய்விடும் என்று நான் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

வேப்பூர் போய்விட்டு ஊர் திரும்பும்போது சித்தி, "பாத்தத பாக்காத மாதிரி இரு" என்றாள். எனக்கு நெற்றியில் பூசிய எண்ணெய் நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு உபதேசியார் பிள்ளைகளை வரிசையாக எழுப்பி, உறுதிப்பூசுதல் வாங்கியவர்கள் எப்படிச் சாட்சியாக இருக்கிறீர்கள் என்று கேட்டார். ஒருவன், "எங்க கிளாஸ் பசங்ககிட்ட இயேசுவப் பத்திச் சொன்னேன்" என்றான். "என்னடா சொன்ன?" "அவரு நம்மாளுன்னு சொன்னேன்." சிரிப்பு அடங்குவதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"எங்க சித்தி கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டினாங்க. நான் பாத்தேன். நான்தான் சாட்சி."

உபதேசியார், "உக்காருடா" என்று மட்டும் சொன்னார். அவர் யாரிடமும் சொல்லியிருக்கமாட்டார். பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பொழுது சாய்வதற்குள் பங்குச் சாமியார் எங்கள் குடும்பத்தைத் தம் பங்களாவுக்கு வரச்சொல்லிவிட்டார்.

தப்பு செய்தேன் என்று சபைக்கு முன்னால் சொன்னால் போதும், இல்லையென்றால் நன்மை கிடையாது என்றார் சாமியார். அப்பா, "சொல்லிடும்மா, ஒரு வார்த்தைதான்" என்று கெஞ்சினார். சித்தி தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்குத் தப்புன்னு தோணாம எப்படிங்க சாமி சொல்றது? பொய்யில்ல ஆயிடும்?" என்றாள். சில ஞாயிற்றுக்கிழமைகள் கடைசித் தூணோரம் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் நன்மை வாங்க எழும்போது அவள் உட்கார்ந்தபடி இருப்பாள். பிறகு தகரப்பெட்டியோடு வேப்பூருக்கே போய்விட்டாள்.

சித்தப்பா திரும்பி வந்தார். சேலத்துப் பக்கம் ஏதோ சூளையில் இருந்தாராம். வாசலில் நின்று, "அவ எங்க அண்ணி?" என்று கேட்டார். "வேப்பூருல" என்றுவிட்டு அம்மா உள்ளே போனாள். அவர் அடுத்த பஸ்ஸில் வேப்பூர் போனவர்தான். ரோட்டோரச் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு இருவரும் அங்கேயே இருந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. வேதத்தை விட்டுவிட்டார்கள் என்று ஊர் சொன்னது. விட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. வேலைக்குப் போன புதிதில் ஒருமுறை அந்தக் கடையில் இறங்கினேன். சித்தி டீ போட்டுக் கொடுத்தாள், சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டாள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். பிறகு அவள் செத்த செய்திதான் வந்தது, அதுவும் அடக்கம் முடிந்த பிறகு.

நான் வாத்தியாரானேன். ஞாயிறுகளில் ஞானோபதேசமும் எடுத்தேன். ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், நற்கருணை என்று கரும்பலகையில் எழுதி, பெற்றுக்கொண்ட விசுவாசத்தைப் பிறருக்குக் கொடுக்கவே இவை நம்மைத் தயார்செய்கின்றன என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொன்னேன். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நான் பார்த்தவரையில் அதைச் செய்தவள் ஒருத்திதான். அன்றைக்கு அவளைப் பற்றிச் சாட்சி சொன்னபோது இரண்டு விஷயங்களை விட்டுவிட்டேன். பிராதை எழுதியது நான் என்பதைப் பயந்து மறைத்தேன். அவள் அந்தப் பெண்ணுக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்ததை நான் மறைக்கவில்லை. அது சொல்லத்தக்க விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

பங்களாவில் நடந்ததிலும் ஒன்றைத் தாண்டிவந்துவிட்டேன். எழுதாமல் விடலாம் என்றுதான் பார்த்தேன். நாங்கள் கிளம்பும்போது சாமியார் திடீரென்று கேட்டார். "உனக்குத்தான் எழுதத் தெரியாதே. யாரு எழுதிக் குடுத்தது?"

நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். சித்தி என் பக்கம் திரும்பவே இல்லை.

"அங்க ஒரு ஆளு இருந்தாருங்க சாமி. அவருதான் எழுதினாரு."

வீட்டுக்கு நடந்து வரும்போது என் பயம் போய்விட்டது, ஆனால் மனசு சரியில்லை. உறுதிப்பூசுதல் வாங்கியவள், சாமியார் முகத்துக்கு நேராகவே பொய் சொல்லிவிட்டாளே என்று இருந்தது. அன்று சாயங்கால ஜெபத்தில், சித்தி சொன்ன அந்தப் பொய்யை மன்னிக்கும்படி அவளுக்காக மனமுருகி வேண்டிக்கொண்டேன்.